இரண்டேகால் மணி சாட்சி

காலை எட்டரைக்கே ஹால்வர் நைகார்ட் கிராஸின் மூன்றாம் மாடி அறைக்கு ஏறி வந்துவிட்டார். மாநிலச் சட்டசபை உறுப்பினர், பேர்பெற்ற வக்கீல். அன்று அவருக்கு மூச்சு வாங்கியது. பத்து மணிக்கு விசாரணை. தோற்றால் வக்கீல் தொழில் போகும். அதோடு, மர ஆலையில் கையை இழந்தவர்களுக்காக அவர் கொண்டுவந்த நஷ்டஈட்டுச் சட்டமும் போகும்.

ரயில்வேயில் துப்பறிந்து ஓய்வுபெற்ற லெமுவல் கிராஸ், காபியை நகர்த்திவிட்டு நைகார்ட் நீட்டிய வாக்குமூலத்தை வாசித்தார். பக்கத்து அறைப் பல் டாக்டர் ஓட்டிஸ் பீபடி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கிராஸின் எந்த வழக்கிலும் அந்த மனிதர் மூக்கை நுழைக்காமல் இருந்ததில்லை.

சத்தியம் செய்தவன் ஆலைக் கம்பெனியின் ஆள் ரூஃபஸ் டாபின். சட்டசபைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் பார்வையாளர் மேல்மாடத்திலிருந்து பார்த்தானாம். நைகார்ட் மசோதாவின் கடைசித் தாளை உருவிவிட்டு வேறு தாளைச் செருகினாராம். 'சபாநாயகரின் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இரண்டேகால்' என்று முடித்திருந்தான்.

"பச்சைப் பொய். அந்த ஆள் மேல்மாடத்துப் பக்கமே வரல. அதை எப்படி நிரூபிக்கிறது?" என்றார் நைகார்ட்.

"அன்னிக்கு ரெண்டேகாலுக்கு அந்தக் கடிகாரம் என்ன மணி காட்டுச்சு?" கிராஸ் நிதானமாகக் கேட்டார்.

நைகார்டுக்கு முகம் வெளிறியது. சபைக்குள் எல்லாருக்கும் தெரிந்த கூத்துதான் அது. சட்டப்படி கடைசி நாள் நண்பகலுக்குச் சபை கலைய வேண்டும். அதற்குள் வேலை முடிந்த சரித்திரம் உண்டா? பதினொன்று ஐம்பதுக்கு வாயில்காப்பாளர் நீளக் கழியால் ஊசலை நிறுத்திவிடுவார். மாலை நான்குவரை மசோதாக்கள் நிறைவேறும். சபைக் குறிப்பேட்டில் மட்டும் 'நண்பகல் பன்னிரண்டுக்குச் சபை கலைந்தது' என்று ஏறும். எல்லாக் கட்சியும் கைகோத்துச் செய்யும் திருட்டுத்தனம்.

"அப்போ சாயங்காலம்வரைக்கும் அது பதினொன்னு அம்பதுதான் காட்டியிருக்கும்," என்று துள்ளினார் பீபடி. "வக்கீலே, நீங்க பொழைச்சீங்க போங்க."

"நான் பொழைப்பேன், சட்டம் செத்துடும். என் மசோதா நிறைவேறினது ரெண்டரைக்கு. கடிகாரத்தை நிறுத்தினோம்னு கோர்ட்ல ஒரு வார்த்தை வந்தாலும் அது செல்லாது. அதுக்கு என் தொழிலே போகட்டும்."

கிராஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். "அந்த வார்த்தை நம்ம வாயிலேருந்து வராது. கடிகாரம் ஓடுச்சான்னு அவன்கிட்ட கேளுங்க. அப்புறம் குறிப்பேட்டை வாசிக்கச் சொல்லுங்க. அதோட நிறுத்திக்குங்க."

நீதிமன்றத்தில் டாபின் புதுக் காலர் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

"கடிகாரம் ஓடிக்கிட்டு இருந்துச்சா?" என்று கேட்டார் நைகார்ட்.

"நல்லாவே ஓடுச்சு. ஊசல் ஆடினதைப் பாத்தேன்."

குமாஸ்தா குறிப்பேட்டை வாசித்தார்: நண்பகல் பன்னிரண்டுக்குச் சபை கலைந்தது.

நைகார்ட் உட்கார்ந்துவிட்டார். டாபின் சிரித்தான். "அதெல்லாம் சும்மா எழுதறதுங்க. சாயங்காலம்வரைக்கும் சபை நடந்தது ஊருக்கே தெரியுமே."

கம்பெனியின் வெளியூர் வக்கீல் ஆவலாக எழுந்தார். அதற்குள் உள்ளூர்க்காரர் ஒருவர் அவர் காதில் ஏதோ ஓத, பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன வக்கீல் சார், பன்னிரண்டுக்கு மேலயும் சபை எப்படி நடந்துச்சுன்னு சொல்லப்போறீங்களா?" நீதிபதி கேட்டார். அவரும் ஒரு காலத்தில் அந்தச் சபையில் இருந்தவர்.

"இல்லைங்க."

"அப்போ குறிப்பேடுதான் கடைசி வார்த்தை. கலைஞ்ச சபையில யாரும் தாளை மாத்த முடியாது." நீதிபதி குமாஸ்தாவிடம் திரும்பினார். "சாட்சி நம்பத்தக்கதல்ல, புகார் தள்ளுபடின்னு எழுதுங்க. சபை பன்னிரண்டுக்குக் கலைந்ததை இந்த நீதிமன்றமும் ஏற்கிறதுன்னு சேர்த்துக்குங்க."

வெளியே சேற்றுத் தெருவில் பீபடி கிராஸின் கையைப் பிடித்து இழுத்தார். "அந்த வக்கீல் ஏன் உக்காந்துட்டாரு?"

"சபை நீடிச்சதுன்னு காட்டணும்னா கடிகாரத்தை நிறுத்தினதைச் சொல்லணும். சொன்னா, ஊசல் ஆடினதா சத்தியம் பண்ணின அவரோட சாட்சி ஜெயிலுக்குப் போவான். ரெண்டு பக்கமும் கதவை அவனே சாத்திக்கிட்டான். டாபின் சபை வழக்கம் தெரியாத வெளியாள்னு அந்த ரெண்டேகால்லயே தெரிஞ்சுபோச்சு."

"ஆக, ஒரு பொய்யை இன்னொரு பொய் ஜெயிச்சுது. அப்படித்தானே வக்கீலே?"

நைகார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"ஆமா டாக்டர். எங்க பொய்யில கையில்லாத நாப்பது பேரு சாப்பிடுவாங்க," என்றார்.