கதவு திறந்த நேரம்

அக்காவைப் பார்க்கத்தான் அந்த விமானத்தில் ஏறினேன். பகல் பதினொரு மணி, நல்ல வெயில். இருபத்து மூன்று சி என்ற இருக்கை எண்ணைப் பார்த்ததும் மனதில் எதுவோ உறுத்தியது. எதுவென்று பிடிபடவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் அக்காவின் முகம்தான் கண்முன் நின்றது.

எனக்கு வேலை விமான நிறுவனத்தின் புகார்ப் பிரிவில். அலுவலகத்தில் பட்டப்பெயர் 'கைவிரிப்பு'. வெளிநாட்டு விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் நஷ்டஈடு கேட்கப் பயணிக்கு உரிமை உண்டு. கதவு திறந்த நேரத்தை வைத்துத்தான் தாமதத்தைக் கணக்கிட வேண்டும். நானோ சக்கரம் தரை தொட்ட நேரத்தை எழுதுவேன். அந்தச் சின்ன வித்தியாசத்தில் எத்தனையோ பேரின் வாயை அடைத்திருக்கிறேன். எனக்கு அதில் பெருமை வேறு.

ஒருத்தி மட்டும் விடவில்லை. அவள் வந்த விமானம் இரண்டே முக்கால் மணி தாமதமாக இறங்கி, கதவைத் திறக்காமல் இன்னும் நாற்பது நிமிடம் நின்றது. அதற்குள் ஆஸ்பத்திரியில் அவள் தம்பியின் உயிர் போய்விட்டது. 'கடைசிவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தானாம். எனக்குப் பணம் வேண்டாம். கதவு எப்போது திறந்தது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்' என்று மூன்று கடிதம் போட்டாள். மூன்றுக்கும் ஒரே பதில் அனுப்பினேன்: 'விமானம் வரம்புக்குள் வந்து சேர்ந்துவிட்டது.' பிறகு அவளும் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. விட்டது தொல்லை என்று கோப்பை மூடினேன்.

என் விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. உடனே அத்தானை அழைத்தேன்.

"இறங்கிட்டேன் அத்தான். அரை மணி நேரத்துல வந்துடுவேன்."

"சீக்கிரம் வா மாப்ள. உன்னத்தான் கேட்டுட்டே இருக்கா."

எழுந்தேன். முன்னால் எல்லாரும் பெட்டியும் கையுமாக நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை.

கதவு மூடியிருந்தது.

காற்று நின்றுபோய்ப் புழுங்கியது. எங்கிருந்தோ ஆஸ்பத்திரி மருந்து நெடி வந்தது. வழியெல்லாம் காலியாக இருந்த பக்கத்து இருக்கையில் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

"கதவு தொறந்துடுச்சா தம்பி?" என்று கிசுகிசுத்தாள்.

"இன்னும் இல்லைங்க."

"நல்லா பாத்து சொல்லுங்க. எழுதணும்ல?"

அப்போதுதான் பொறி தட்டியது. அந்தக் கோப்பில் அவள் இருக்கை எண்ணும் இருபத்து மூன்று சி.

கையில் போன் அடித்தது. விரலை அசைக்க முடியவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

பிறகு அடிக்கவே இல்லை.

"சார்! சார்!" பணிப்பெண் என் தோளை உலுக்கினாள். விமானம் காலியாக இருந்தது. "கதவு அப்பவே தொறந்தாச்சு சார். நாப்பது நிமிஷமா நீங்கதான் அசையாம நிக்கிறீங்க. டாக்டருக்குக்கூடச் சொல்லி அனுப்பியிருக்கோம்."

ஆஸ்பத்திரி வாசலில் அத்தான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "கடைசி வரைக்கும் கதவையே பாத்துட்டு இருந்தாடா."

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்றே அந்தக் கோப்பை எடுத்தேன். கதவு திறந்த உண்மையான நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தைப் புரட்டினால், அவளுடைய மூன்று கடிதங்களுக்கும் கீழே நான்காவதாக ஒன்று இருந்தது. அதே சாய்ந்த கையெழுத்து. தேதி, என் அக்கா இறந்த நாள்.

'தாமதமாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. வரம்பு தாண்டிவிட்டது.'

கோப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். அறைக் கதவு மூடியிருந்தது. இழுத்தேன், உதைத்தேன், தொண்டை கிழியக் கத்தினேன்.

டைப்பிஸ்ட் அம்மாவின் குரல் மிக அருகில் கேட்டது.

"சார், கதவு தொறந்துதானே இருக்கு? ஏன் அங்கயே நிக்கிறீங்க?"