நீமியைக் கூப்பிடாதே

அந்த ஜனவரியில், ஏழு வாரம் பூட்டிக் கிடந்த பனி அரங்கத்தின் பின்கதவை நான்தான் முதலில் திறந்தேன். சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. மூன்று மணிக்கு ஆட்டம். தொற்றுக்குப் பயந்து அந்த வருடம் பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது. மூவாயிரம் நாற்காலிகளும் மடங்கிக் கிடந்தன. ஈர ரப்பர் வாடையும் அதன் மேல் அடித்திருந்த கிருமிநாசினி வாடையும் சேர்ந்து மூக்கைத் துளைத்தன. விளக்குகளைப் போட்டேன். ஒவ்வொன்றும் முனகிவிட்டுத்தான் எரிந்தது. பனித்தரையில் ஒரு கீறல்கூட இல்லை.

என் பெயர் ஆர்வோ. இந்தக் கல்லூரியின் பனி ஹாக்கி அணிக்கு இருபத்தாறு வருடமாகச் சாமான் பார்ப்பவன். சட்டை துவைப்பேன், உடைந்த மட்டைக்கு மாற்று எடுத்துத் தருவேன், ஆட்டம் நடக்கும்போது பெஞ்சுக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பையன்கள் என்னைப் 'பெருசு' என்பார்கள். நானும் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இருந்ததில்லை.

"பெருசு, இன்னும் உசுரோடதான் இருக்கியா?" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டபடி வந்தவன் டெக்லன். கடைசி வருட மாணவன். இடது ஓரத்தில் ஆடுபவன்.

"உங்கள எல்லாம் பொதச்சிட்டுத்தான்டா நான் போவேன்" என்றேன். வருடக்கணக்காகச் சொல்லிவரும் பதில்தான். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது.

 உடை மாற்றும் அறையில், எப்போதும்போல் பக்கத்து இடத்தில் தன் தலைக்கவசத்தை வைக்கப் போன டெக்லன், கையை இழுத்துக்கொண்டான். அது வெஸ் நீமெலாவின் இடம். நாங்கள் நீமி என்போம்.

நீமி நவம்பரில் செத்துப்போயிருந்தான். இருபத்திரண்டு வயது.

தொற்று வந்ததும் காலியாகக் கிடந்த ஒரு விடுதிக் கட்டடத்தில் அவனைத் தனியாக வைத்தார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். அவன் அம்மா மார்சி நாற்பது மைல் வண்டி ஓட்டி வந்து, பனியில் நின்று, மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போவாள். ஒன்பதாம் நாள் காலையில், முந்தைய இரவுச் சாப்பாடு வாசலில் தொடாமல் கிடந்தது. இதயம் வீங்கியிருந்தது என்றார்கள். அந்தப் பிள்ளை மூச்சுக்குத் திணறியபோது பக்கத்தில் ஈ காக்கை இல்லை. 

இந்த விளையாட்டில் ஒருவன் ஒரு முறை இறங்கினால் முக்கால் நிமிடம்தான். அதற்கு மேல் பனியில் முழு வேகத்தில் ஓடினால் நெஞ்சு எரியும். களைத்தவன் பெஞ்சை நோக்கி வரும்போதே, தனக்குப் பதிலாக இறங்க வேண்டியவனின் பெயரைக் கத்துவான். பெயர் காதில் விழுந்ததும் அவன் பெஞ்சுக்கு முன்னாலுள்ள தடுப்புப் பலகையைத் தாண்டிக் குதிப்பான். வந்தவனுக்கு நான் அதிலுள்ள கதவைத் திறப்பேன். யாரும் யோசிப்பதில்லை, ஐந்து வயதிலிருந்து பழகிய பழக்கம். நான்கு வருடமாக டெக்லன் கத்தியது நீமியின் பெயரை. நீமி கத்தியது டெக்லனின் பெயரை.

அந்தச் சனிக்கிழமை, இரண்டாவது பகுதி ஆட்டம். டெக்லன் நாக்குத் தள்ள, பெஞ்சை நோக்கி வந்தான்.

"நீமி!"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் விறைத்துப்போனார்கள். டெக்லன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்குப் பதிலாக இறங்க வேண்டிய பிராடி எப்படியோ சுதாரித்துக் குதித்தான். நான் கதவைச் சாத்தினேன்.

பக்கத்தில் பலகை அதிர்ந்தது.

ஒரு பையன் கை ஊன்றித் தாண்டும்போது அதிருமே, அதே மாதிரி.

உடனே விசில். நடுவர் நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்தார். "கோல்கீப்பரோட சேத்து ஏழு பேர். ஒரு ஆள் அதிகம். தண்டனை, ரெண்டு நிமிஷம் ஒரு ஆள் கொறச்சு ஆடுங்க."

கோச் சார்டோரி பாய்ந்தார். "ஆறு பேருதாங்க. எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"ரெண்டு தடவ எண்ணினேன் கோச்" என்ற நடுவரின் குரலில் தெம்பில்லை.

பிறகு காணொளியை ஓட்டிப் பார்த்தார்கள். ஆறு பேர்தான். ஆனால் நான் அதில் பார்க்கவில்லையே, கண்ணால் பார்த்தேன். எங்கள் பச்சைச் சட்டை ஏழு. குளிரில் வாயிலிருந்து வந்த புகை ஆறு.

அடுத்த வாரமும் அதே தண்டனை. அதற்கடுத்த வாரமும். மூன்றில் இரண்டு ஆட்டம் அதனாலேயே தோற்றோம். முப்பத்து நான்கு ஆட்டம் பதினான்காகச் சுருங்கிப்போன வருடம் அது. கடைசி வருடப் பையன்கள் ஒவ்வொரு ஆட்டத்தையும் உயிரைப் போல நினைத்தார்கள். கோச் தலையைப் பிய்த்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஒன்று புரிந்தது. ஒவ்வொரு தடவையும் விசிலுக்கு முன்னால் டெக்லன் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தான். முதல் தடவைக்குப் பிறகு கத்தவில்லை, முனகினான்.

பிப்ரவரியில் ஒரு மதியம், துணி துவைக்கும் அறையில் அவனைப் பிடித்து நிறுத்தினேன். "டேய், செத்தவன் பேரச் சொல்லிக் கூப்பிடாதடா."

"மொத தடவ வாய் தவறி வந்துச்சு பெருசு. அப்புறம் வேணும்னேதான் கூப்பிட்டேன்."

"ஏன்டா?"

"கூப்பிட்டா வர்றானே."

 சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தபடி, "அந்தக் கையுறை... அன்னிக்கு நீயும் பாத்தல்ல?" என்றான்.

பார்த்தேன்தான். நவம்பரில், முதல் ஆட்டத்தன்று. ஹாக்கிப் பையின் நாற்றம் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். நான்கு நாள் வண்டியில் ஈரத்தோடு கிடந்த பையை டெக்லன் திறந்ததும் அறையே காலியானது. செத்த எலி தேவலாம். டெக்லன் மட்டும் அசையாமல் நின்றான். கையுறையை எடுத்து மூக்கில் வைத்தான். மறுபடி வைத்தான். என்னைப் பார்த்தான். வாசனை போனால் என்ன அர்த்தம் என்று அந்த வருடம் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். காலையில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று வந்திருந்தது. அடுத்த பரிசோதனை திங்கட்கிழமை. வாயைத் திறந்தால் மொத்த அணியும் பதினான்கு நாள் உள்ளே. முதல் ஆட்டம் போச்சு.

நான்தான் சொன்னேன், "நேரமாச்சு, போய் மாட்டு" என்று.

அன்று பெஞ்சில் டெக்லனும் நீமியும் ஒரே தண்ணீர்ப் புட்டியில் குடித்தார்கள். எப்போதும் அப்படித்தான் குடிப்பார்கள்.

"மார்சிகிட்ட சொல்லிடலாம் பெருசு. என்னால முடியல."

"சொன்னா புள்ள திரும்பி வந்துருமா? நானும் ஒண்ணும் பாக்கல, நீயும் ஒண்ணும் பாக்கல. வாய மூடிக்கிட்டு ஆட்டத்தப் பாரு." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

மறுநாள் ஆட்டத்தில் டெக்லன் பெயரைச் சொல்லவே இல்லை. பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். எனக்கும் மூச்சு வந்தது.

அப்போது பலகைக்கு அந்தப் பக்கம் ஸ்கேட் உரசி நின்றது. யாருமில்லை. ஆனால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து, நடுவில் அறுந்து, மறுபடி இழுத்து.

"டெக்லன்."

நீமியின் குரல்தான். கோபம் துளியும் இல்லை. களைப்பு மட்டும்தான்.

டெக்லன் யோசிக்கவில்லை. பெயர் காதில் விழுந்ததும் குதித்துவிட்டான். கதவைத் தள்ளுவது தெரிந்து, என் கையும் பழக்கதோஷத்தில் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டது. சில்லென்று ஒன்று என்னை உரசிக்கொண்டு உள்ளே வந்தது. டெக்லன் விட்டுப்போன இடத்தில் பெஞ்சு கிறீச்சிட்டுத் தாழ்ந்தது. நான் அசையவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் அந்த மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. ஓட்டம் முடிந்து உட்காரும் எந்தப் பையனுக்கும் ஆவதுபோல.

நவம்பரிலிருந்து அந்தப் பிள்ளை இப்போதுதான் உட்கார்கிறான் என்று எனக்குத் தோன்றியது. 

பனித்தரையில் டெக்லன் முழங்காலிட்டு விழுந்தான்.

இரண்டு பேர் அவனை இழுத்து வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கருவி எண்பத்தொன்று என்று காட்டியது. அவன் உடம்பு கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் பெஞ்சு மேலே எழும்பியது. பலகை அதிர்ந்தது. வெளியே அந்த மூச்சு மறுபடி தொடங்கியது.

மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று ஒரு வாரத்தில் ஆடவும் விட்டுவிட்டார்கள்.

"அவன் உக்காந்தான்ல பெருசு?" என்றுதான் டெக்லன் என்னிடம் முதலில் கேட்டான்.

"உக்காந்தான்."

"அப்ப நான்தான் வெளிய நிக்கணும். கூப்பிட்டு எறக்கிவிட்டவன் நான்தான."

"நின்னா செத்துருவடா."

அவன் தோளைக் குலுக்கினான். இருபத்திரண்டு வயதில் சாவைப் பற்றி அப்படித் தோளைக் குலுக்குகிறான். 

மார்ச்சில் நாக்கவுட் ஆட்டம். தோற்றால் பருவம் முடிந்தது. மூன்றாவது பகுதியில் இரண்டுக்கு இரண்டு. டெக்லன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஸ்கேட் உரசி நின்ற சத்தம் எனக்கு முன்பே அவனுக்குக் கேட்டுவிட்டது.

"டெக்லன்."

அவன் எழுந்தான். நான் பின்னாலிருந்து அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"விடு பெருசு."

"மாட்டேன்."

"அவனால முடியல. கேக்குதுல்ல உனக்கு?"

கேட்டது. பலகைக்கு அந்தப் பக்கமிருந்து நீமி கதவைத் தட்டினான். மட்டையால் மெல்ல இரண்டு தட்டு. டெக்லன் திமிறினான், முழங்கையால் என் விலாவில் இடித்தான். நான் தாழ்ப்பாளின் மேல் இடுப்பைச் சாய்த்து, அவனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அவன் அழுதான். நானும் அழுதேன். பையன்கள் எங்களை வாய் பிளந்து பார்த்தார்கள்.

"டெக்லன்... டெக்லன்..."

மூன்றாவது தடவை பெயர் முழுதாக வரவில்லை. ஸ்கேட் சத்தம் தடுமாறித் தடுமாறி நடுப்பக்கம் போனது. அதற்கப்புறம் எதிரணி எப்போது கோல் போட்டது என்று எனக்குத் தெரியாது.

எல்லோரும் போன பிறகு டெக்லன் என்னைப் பார்த்துச் சொன்னான். "அவன வெளியவே விட்டுட்டியே." அதுதான் அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. வியர்வை காயாத தலையோடு நாற்பது மைல் வண்டி ஓட்டிப் போய், மார்சியின் வாசலில் நின்று கையுறை விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். என் பெயரைச் சொல்லவில்லை. அவள் முழுதும் கேட்டாளாம். பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாளாம். மே மாதம் படிப்பு முடிந்து அவன் ஊரைவிட்டுப் போனான். உயிரோடு இருக்கிறான். இன்றைக்கு நடந்தாலும் அந்தச் சட்டையை விட மாட்டேன்.

நான் மார்சியிடம் போகவில்லை. இரண்டு தடவை வண்டியை எடுத்தேன். பாதி வழியில் நிறுத்தி, ஒரு கடையில் கறி அடைத்த பாஸ்டி வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். கேவலம்தான். நான் யாரிடம் மறைக்கப் போகிறேன்?

அடுத்த பருவத்தில் கூட்டத்தை உள்ளே விட்டார்கள். மூவாயிரம் பேரின் சத்தம், மேளம், பொரித்த சோளத்தின் வாசனை. புதுப் பையன்கள், புதுப் பெயர்கள். ஒரு ஆள் அதிகம் என்று எந்த நடுவரும் விசில் ஊதவில்லை.

ஆனால் சனிக்கிழமை ஆட்டங்களில், மூன்றாவது பகுதியில், பலகைக்கு அந்தப் பக்கம் ஸ்கேட் உரசி நிற்கிறது. அவன் இப்போது டெக்லனைக் கூப்பிடுவதில்லை.

"பெருசு."

பெயர் காதில் விழுந்தவன் இறங்க வேண்டும் என்று தெரிந்தும், ஒரு வருடமாக நான் கேட்காதது போல் நிற்கிறேன். தாழ்ப்பாளை விரல் வலிக்க அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுப் போய்விடுவான். நல்ல பிள்ளை, வற்புறுத்தத் தெரியாது.

போன சனிக்கிழமை அவன் போகவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டான். என் கைக்குள் தாழ்ப்பாள் மெதுவாக மேலே எழும்பியது.

நான் அதை அழுத்திப் பிடிக்கவில்லை.