ஊதாத கொம்பு

ஹூன்வால்ட் கொம்பை ஒரு தடவைதான் ஊதினான். சத்தம் இரண்டு தடவை கேட்டது.

எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தான். நாலு எட்டு நடந்த பிறகுதான் உறைத்தது. முழங்கால் அளவு பனி விழுந்து கிடக்கும் காட்டில் எதிரொலி எப்படி வரும்? இருமினால் இருமலைக்கூடப் பனி விழுங்கிவிடுகிறது. அதோடு, அவன் ஊதியது சுருக்கமாக, மூச்சிரைப்போடு. பின்னாலிருந்து வந்ததோ நீளமாக, எந்த அவசரமும் இல்லாமல் வந்தது.

வேறு யாரோ வழிப்போக்கன், அவனும் சட்டத்துக்குப் பயந்து ஊதுகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். எங்கள் பக்கத்துச் சட்டம் அப்படி. வெளியூர்க்காரன் பாதையை விட்டு விலகிக் காட்டு வழியாக வந்தால் கத்திக்கொண்டு வர வேண்டும், இல்லை கொம்பு ஊதிக்கொண்டு வர வேண்டும். சத்தமில்லாமல் வருகிறவன் திருடன். அவனைக் கொன்றால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பாதையிலேயே வந்திருக்கலாம். ஆனால் பாதை ஆற்றில் இறங்கி ஏறுகிறது. இடுப்பளவுத் தண்ணீர்தான், குழந்தைகள்கூடக் கடக்கிறார்கள். ஹூன்வால்ட் ஆற்றில் கால் வைத்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

அவனுக்குத் தலைவன் இல்லாமல் போனதும் அந்த இரண்டு குளிர்காலமாகத்தான். தலைவன் இல்லாதவனுக்கு எங்களிடம் என்ன மரியாதை என்றால், நாய் தின்றது போக மிச்சமிருந்தால் அவனுக்கு. கூலிக்குத் துடுப்புப் போட்டு வடகடல் முழுக்கச் சுற்றினான். மிதக்கும் பனிப்பாறைக்கு நடுவே திமிங்கலம் மூச்சு விடுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தான். புயலில் பாய்மரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு மூன்று பகல் நின்றான். கரைக்கு வந்து இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தால், யாருடைய ஆள் நீ என்று கேட்பார்கள். பதில் இருக்காது. எழுந்து போய்விடுவார்கள். தூக்கத்தில் தலைவனின் மடியில் தலை வைத்திருப்பதாகக் கனவு வரும், விழித்தால் கன்னத்துக்கடியில் ஈரக் கயிறு கிடக்கும்.

இப்போது காட்டுக்கு அந்தப் பக்கம் எட்கில்ஸ் என்கிற தலைவன் அவனைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறான். இன்று பொழுது சாய்வதற்குள் வந்தால் அவன் கூடத்தில் ஆட்கள் உட்காரும் பலகையில் ஓர் இடம். வராவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு. போரில் தலையில் அடிபட்டுப் பிணங்களோடு பிணமாகக் கிடந்தேன் என்று ஹூன்வால்ட் சொல்லி அனுப்பியிருந்த கதையை அவர்கள் நம்பிவிட்டார்கள்.

மறுபடி ஊதினான். பதில் இந்தத் தடவை கிட்டத்தில் வந்தது. முடிவில் ஓசை பிசிறியது.

அவன் நின்றுவிட்டான். அவன் கொம்பின் வாயில் ஒரு விரிசல் உண்டு, ஊதி முடிக்கும்போது அது அப்படித்தான் பிசிறும். அன்று ஆற்றங்கரைக் கல்லில் இடித்து விழுந்த விரிசல். இந்தப் பிசிறல் உலகத்தில் ஒரே ஒரு கொம்புக்குத்தான் உண்டு. அது அவன் கையில் இருந்தது.

இரண்டு குளிர்காலத்துக்கு முந்திய அந்தப் போரில் அவன்தான் கொம்புக்காரன். தலைவன் பியோர்நோத் இருபது பேரோடு இடுப்பளவுத் தண்ணீரில் எதிரிகளை மறித்து நின்றார். குன்றுக்குப் பின்னால் இருந்த படை கொம்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தது. ஹூன்வால்ட் நாணலுக்குள் பதுங்கியிருந்தான். ஊதினால் அவன் இருக்கும் இடம் தெரிந்துவிடும். "ஊதுடா ஹூன்வால்ட், ஊது" என்று அவர் கத்தியது கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தக் குரல் தண்ணீருக்குள் கொப்பளிக்கும் சத்தமாக மாறியது. அவன் கொம்பை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

இப்போதும் அதையேதான் செய்தான். பாசியைப் பிய்த்துக் கொம்பின் வாயில் திணித்தான். ஒரு கருவாலி மரத்தடியில் கண்ணை மூடிக் குந்திக்கொண்டான்.

எங்கோ தண்ணீர் சொட்டியது. காடே உறைந்து கிடக்கிறது. தண்ணீர் சொட்டியது. பிறகு வாசனை. சேறு, அழுகிய நாணல், ஆறு. அவனுக்கு வலப்பக்கம், பத்தடிக்குள், கொம்பு ஊதியது. காலடிச் சத்தம் இல்லை. அவன் கண்ணைத் திறக்கவில்லை. ஏதோ நிறைய பேர் கடந்து போனார்கள். மெதுவாக. ஒருவர் பின் ஒருவராக. கொம்பு அவனுக்கு முன்னால் ஊதியது. இன்னும் தள்ளி ஊதியது. நாய்கள் குரைத்தன. கதவு திறக்கிற சத்தம், வரவேற்கிற சிரிப்பு.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஹூன்வால்ட் சத்தமே இல்லாமல் காட்டை விட்டு வெளியே வந்தான். வேலியோரம் நின்ற காவலாளி லுல்லா அவன் மார்பில் ஈட்டியை வைத்தான்.

ஹூன்வால்ட் தன் பெயரைச் சொன்னான், எட்கில்ஸ் அழைத்ததைச் சொன்னான், கொம்பு ஊதிக்கொண்டுதான் வந்தேன் என்று சத்தியம் செய்தான். லுல்லா கெட்டவன் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"கொம்பு கேட்டுச்சுதான். ஆனா அந்தக் கொம்புக்காரரு அப்பவே உள்ள வந்துட்டாரே. இருபது ஆளோட. ஆத்தைக் கடந்து வந்தாங்களாம், எல்லாரும் நனைஞ்சு கெடக்காங்க. நீ எங்கே ஊதுன? இப்ப ஊது, பாப்போம்."

ஹூன்வால்ட் பாசியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கொம்பை வாயில் வைத்து ஊதினான். சத்தம் வரவில்லை. கலங்கல் தண்ணீர் வந்து அவன் முகவாயில் வழிந்தது.

உயிர் பிழைக்க ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. "உள்ள இருக்கிறவர்தான் என் தலைவர்," என்றான். "அவரையே கேளுங்க." இரண்டு வருடத்தில் யாருடைய ஆள் என்பதற்கு அவன் சொன்ன முதல் பதில் அது.

கதவருகே இழுத்துப் போனார்கள். உள்ளே அடுப்புச் சூடு, பன்றிக்கறி மணம். எட்கில்ஸின் பக்கத்தில் பியோர்நோத் உட்கார்ந்திருந்தார். குடித்த தேன்மது அவர் கழுத்தில் இருந்த வெட்டுப் பிளவு வழியாக மார்பில் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இருபது பேரும் அந்த ஊர் ஆட்களுக்கு இடையிடையே உட்கார்ந்திருந்தார்கள். கைகள் நீரில் ஊறி வெளுத்திருந்தன. பலகையின் கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் ஹூன்வால்டின் மனசு அந்த இடத்துக்கு ஏங்கியது.

"ஐயா, நான்தான். உங்க ஹூன்வால்ட்."

இவனைத் தெரியுமா என்று எட்கில்ஸ் கேட்டான். பியோர்நோத் அவனை நெடுநேரம் பார்த்தார்.

"என் ஆளா இருந்தா கொம்பு ஊதியிருப்பானே," என்றார்.

வேலியோர மரத்தில் கயிறு போட்டார்கள். லுல்லாவும் இன்னும் இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கால் தரையை விட்டு எழும்பியதும் திறந்த கதவு வழியாக ஹூன்வால்டுக்குக் கூடம் முழுவதும் தெரிந்தது. இருபது பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஓர் உயிருள்ள ஆளின் பின்னால். வெளுத்த கை ஒவ்வொரு பிடரியிலும். உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கத்த வேண்டும். இப்போதாவது. கயிறு இறுகியது. மூச்சு மட்டும் பிசிறியது.

"என்னமோ சொல்ல வர்றான்," என்றான் கீழே ஒருவன்.

"இனிமே என்னத்தச் சொல்லப்போறான்," என்றான் லுல்லா.

கதவை உள்ளேயிருந்து ஒரு வெளுத்த கை சாத்தியது.