கடைசிப் பன்னீர்க்குப்பி

கெய்ரோவின் கடைசிக் கண்ணாடிப் பள்ளிவாசல் விளக்கு உருகி முடிந்தபோது உலகத்துக்குக் கிடைத்தது பதினோரு நொடி ஒலி. ஒருவன் தும்மினான், இன்னொருவன் தண்ணீர் கேட்டான். அதைக் கேட்டுக் கோடிப் பேர் கண் கலங்கினார்கள்.

உறைகுரல் மீட்பி என்ற கருவி வந்த ஆறே வருஷத்தில் இந்த நிலைமை. கண்ணாடி இறுகும்போது பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சதிர்வும் அதற்குள் உறைந்துவிடுகிறது. மெல்லச் சூடாக்கி, ஏடு ஏடாக இளக்கினால் அந்தக் குரல் வெளியே வரும். பதிவு மிஞ்சும், கலம் வெறும் குழம்பாகிவிடும். எழுநூறு வருஷம் படையெடுப்பையும் கடலையும் தாங்கி வந்த கலங்களைப் பெரிய பெரிய காட்சியகங்கள் போட்டி போட்டுக்கொண்டு உருக்கின. மனிதக் குரலை விடவா ஒரு ஜாடி உசத்தி என்று கேட்டால் யாரால்தான் பதில் சொல்ல முடியும்?

முழுசாக மிஞ்சியது ஒன்றுதான். காயல்பட்டினக் காட்சியகத்தில் இருந்த டமாஸ்கஸ் பன்னீர்க்குப்பி. நீண்ட மெல்லிய கழுத்து, வயிற்றைச் சுற்றி நீலமும் பொன்னுமாக ஓர் எழுத்து வரி. அதன் பொறுப்பாளர் உம்மு ஹபீபா. அந்தக் காலத்துப் பட்டறைக் கொச்சை அரபியைக் காதால் பிரித்தறிய அவளை விட்டால் ஆள் கிடையாது. எந்த நாட்டில் எந்தக் கலம் உருகினாலும் பதிவு அவளிடம்தான் வரும். ஆனால் தன் குப்பியை உருக்க மட்டும் நாலு வருஷமாகக் கையெழுத்துப் போட மறுத்துவந்தாள்.

அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. அப்படி வந்த பதிவுகளில் மூன்றில் ஒரே குரலைக் கேட்டிருந்தாள். ஒரு பட்டறைத் தலைவரின் கரகரத்த குரல். ஒன்றில் ஊதுகுழலைக் கேட்டார், ஒன்றில் இருமினார், ஒன்றில் அரைகுறையாக ஏதோ பாடினார். எப்போதோ மண்ணாகிப்போன அந்த மனிதரை அவள் நேசித்தாள். குப்பியின் எழுத்து வரியும் அதே பட்டறைக் கைதான். இன்னொரு தரம் அவர் பேசிக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

காட்சியக இயக்குநர் தாவூது லெப்பை அதைத் தெரிந்துகொண்டுதான் வந்தான்.

“வச்சிருந்து என்ன லாத்தா? ஒருநாள் கை தவறி உடைஞ்சு போகும். அவரு பேச்சு யாருக்கும் கேக்காமலே போயிடும்.”

ஹபீபா வெகுநேரம் குப்பியைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கூடம் நிரம்பியது. உலகமே நேரலையில் காத்திருந்தது. மீட்பிக்குள் குப்பியின் கழுத்து முதலில் சாய்ந்தது. பிறகு நீல எழுத்துகள் கலைந்து வழிந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் சலசலவென்று ஒரு சத்தம். உடைந்த கண்ணாடிச் சில்லுகளைக் கூடையிலிருந்து உலையில் கொட்டுகிறார்கள். பழஞ்சில்லை உருக்கிப் புதுக் கலம் செய்வது அந்தப் பட்டறைகளின் வழக்கம். கொட்டுவது சட்டென்று நின்றது. அப்புறம் அந்தக் குரல். அவரேதான். கோபமும் வேதனையுமாக ஒரே ஒரு வாக்கியம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கூடம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. தாவூது ஒலிவாங்கியை நீட்டினான்.

“என்ன லாத்தா சொல்றாரு?”

அவள் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். மாற்றிச் சொல்லிவிடலாம், கண்டுபிடிக்க ஒருவரும் இல்லை. ஆனால் அவருடைய பேச்சில் ஒரு சொல்லைக்கூட அவள் இதுவரை மாற்றியதில்லை.

“கேக்குறாரு, தம்பி,” என்றாள். “முழுசா இருந்ததைத் தூக்கி உலையில போட்டது யாருன்னு கேக்குறாரு.”