குளிரிலைகள் மடிந்த வாரம்

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. நடுப்பகலில் வேலூர்க் கடைத்தெருவில் ஜனங்கள் அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் நிழல் தேடவில்லை. ஜவுளிக்கடை வாசல்களில் மெல்லிய சால்வைகள் தொங்கின. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் கபடி ஆடினார்கள். கோடை விடுமுறை என்ற ஒன்றை அந்த ஊர் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

திலகவதி பேருந்திலிருந்து இறங்கிப் பாலாற்றுப் பல்கலைக்கழகத்தின் ஆற்றல், காலநிலை நிலையத்துக்கு நடந்தாள். மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து செய்யும் காரியங்களுக்கெல்லாம் அவள்தான் அங்கே பொறுப்பாளர். பார்க்கும் இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. மொட்டை மாடிகள், பேருந்து நிறுத்தங்கள், தண்ணீர்த் தொட்டிகள், மார்க்கெட்டின் தகரக் கூரை, எல்லாவற்றின் மேலும் குளிரிலைகள் வரிசையாகப் படுத்திருந்தன.

குளிரிலை பிறந்தது இந்த நிலையத்தில்தான். அன்றைக்கு முதுகலை மாணவனாக இருந்த பரஞ்சோதி அதைச் செய்தான். காற்று மண்டலத்தில் ஒரு சன்னல் உண்டு. ஒரு குறிப்பிட்ட வகை வெப்பக்கதிர் மட்டும் எதிலும் முட்டாமல் அந்தச் சன்னல் வழியாக நேரே விண்வெளிக்குப் போய்விடும். குளிரிலை தன்மேல் விழும் வெயிலைத் திருப்பி அனுப்பும். கட்டடத்தின் சூட்டை உறிஞ்சி, அந்த வகைக் கதிராக மாற்றி, சன்னல் வழியே வெளியே தள்ளும். மின்சாரம் வேண்டாம். மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தால் வீட்டு விளக்குக்குத் தேவையான மின்சாரத்தை அதுவே கொடுத்தது.

முதல் இலையை விடுதி மாடியில் ஒட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் திலகவதி. இருவரும் ஒரே வகுப்பு. பிறகு ஒவ்வொரு வருடமும் 'இலைநாள்' வந்தது. முன்னாள் மாணவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து இறங்குவார்கள். இந்நாள் மாணவர்களோடு சேர்ந்து தெருத்தெருவாக மாடி ஏறுவார்கள். இன்று பரஞ்சோதி நிலையத்தின் இயக்குநர். ஊரில் இலை இல்லாத கூரை இல்லை.

அதனால் இந்த வருட இலைநாளுக்கு மலைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஊரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறை மலைகளையும் மூடிவிட்டால் மிச்சமிருக்கும் அனலும் போய்விடும். 'மலைப்போர்வை' என்று பெயர். சனிக்கிழமை தொடக்க விழா. இலைச்சுருள்கள் அடிவாரத்தில் வந்து குவிந்துவிட்டன.

அறைக் கதவருகே ரிஸ்வானா காத்திருந்தாள். மூன்றாம் ஆண்டு மாணவி, ஆற்றல் மன்றத்தின் தலைவி. எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டிருப்பவள் அன்று சும்மா நின்றாள்.

"மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குமா?"

"விழா வேலையா?"

"விழா சம்பந்தமாத்தான். ஆனா வேலை இல்ல."

உள்ளே வந்து கையடக்கத் திரையை மேசைமேல் வைத்தாள். அதில் இரண்டு படங்கள் மாறி மாறி ஓடின. ஒன்றில் ஊருக்குள் வெள்ளை நிறம் வருடாவருடம் பரவியது. இன்னொன்றில் நீல நிறம் வருடாவருடம் சுருங்கியது. வெள்ளை எங்கே பரவியதோ அங்கே நீலம் காணாமல் போயிற்று.

"வெள்ளை, நம்ம இலை. நீலம்?" என்றாள் திலகவதி.

"கோடை மழை மேடம்."

மழை குறைந்தது ஊருக்குத் தெரியாத செய்தி அல்ல. காடுகளை வெட்டியதால் என்றார்கள் சிலர். கடல் சூடானதால் என்றார்கள் வேறு சிலர். இரவில் இலைகளில் இறங்கும் பனியைப் பிடித்து வீட்டுக்கு இரண்டு குடம் தேற்றிக்கொண்டார்கள். ஆனால் ஏரி வறண்டு கிடந்தது. சுற்றுவட்டாரத்து மாந்தோப்புகளுக்கு லாரியில் தண்ணீர் போயிற்று.

"தரை சூடானாத்தான் மேடம் காத்து மேல ஏறும். அது ஏறின இடத்துக்குக் கடல் பக்கமிருந்து ஈரக்காத்து வரும். அதுவும் மேல போய்க் குளிர்ந்து, சாயங்காலம் இடிமழையா கொட்டும். நம்ம ஊரு ஒரு அடுப்பு மாதிரி இருந்திருக்கு. நாம அடுப்ப அணைச்சிட்டு, சோறு ஏன் வேகலைன்னு கேட்டுக்கிட்டு இருக்கோம்."

திலகவதி படங்களை மறுபடி ஓடவிட்டாள். தான் ஏறி இறங்கிய தெருக்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. அவள் வாழ்க்கையில் பெருமைப்பட்ட ஒரே காரியம் அதுதான்.

"கொஞ்சமாவது இன்னும் பெய்யுதே?"

"அது மலைங்களால. பாறை இன்னும் சுடுது. சனிக்கிழமை அதையும் மூடப்போறோம்."

திலகவதி ரிஸ்வானாவை அழைத்துக்கொண்டு மாடியேறிப் பரஞ்சோதியின் அறைக்குப் போனாள்.

பரஞ்சோதி படங்களை நெடுநேரம் பார்த்தான். தலைமுடி நரைத்திருந்தாலும், யோசிக்கும்போது கீழுதட்டைக் கிள்ளும் பழக்கம் போகவில்லை.

"ரெண்டும் ஒரே காலத்துல நடந்துச்சு, அவ்வளவுதான். ஒண்ணால இன்னொண்ணு நடந்துச்சுன்னு ஆகிடாதும்மா" என்றான்.

"ஆகாது சார். அதுக்குத்தான் சோதிச்சுப் பாக்கணும்னு சொல்றேன்."

"எப்படிச் சோதிப்பே?"

"இலையெல்லாம் கழுவறதுக்கு மடிப்போம் இல்லையா? அதே மாதிரி ஊர் முழுக்க மடிச்சு வைக்கணும் சார். ஈரக்காத்து வர்ற வாரம் இது. சனிக்கிழமைக்குள்ள தெரிஞ்சிடும்."

பரஞ்சோதி சிரித்தான். "கத்திரியில வீட்டு இலைய மடிங்கன்னு நான் போய்ச் சொல்லணுமா? கல்லால அடிப்பாங்க."

"நான் சொல்றேன்" என்றாள் திலகவதி. "இலைநாளுக்கு வர்றவங்கெல்லாம் நம்ம பசங்கதானே. வருஷாவருஷம் வீடு வீடா ஏறி ஒட்டினவங்க. அவங்களே போய்க் கேக்கட்டும்."

"மழை வரலைன்னா ஊரே நம்மள சிரிக்கும் திலகா."

"வந்துட்டா?"

பரஞ்சோதி ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான். மழை வந்துவிட்டால் மலைப்போர்வை போச்சு. அதோடு அவன் பெயர் சொல்லும் எல்லாமும் வேறு அர்த்தம் கொள்ளும். ஆனால் அவன் விடை தெரியாத கேள்வியோடு தூங்குகிறவன் அல்ல. படிக்கிற காலத்திலிருந்தே திலகவதிக்கு அது தெரியும்.

"சரி, மடிங்க. முதல்ல என் வீட்டுல இருந்து" என்றான்.

முன்னாள் மாணவர்கள் வந்து சேரச் சேர, பெட்டியை விடுதியில் போட்ட கையோடு தெருவுக்கு அனுப்பப்பட்டார்கள். மஸ்கட்டிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் வந்தவர்கள் கதவைத் தட்டி, "ஒரு நாலஞ்சு நாளைக்கு வெயில் தாங்க முடியுமா?" என்று கேட்டார்கள். பைத்தியமா என்று பார்த்தவர்கள் உண்டு. மழைக்காக என்றதும் பெரும்பாலோர் சரி என்றார்கள். ஆஸ்பத்திரிகள், கைக்குழந்தை இருக்கும் வீடுகள், நடமாட முடியாதவர்கள் இருக்கும் வீடுகள் தவிர, மற்ற இடங்களில் இலைகள் சரசரவென்று மடிந்தன. திலகவதியின் கணவன் தணிகாசலமும், "எல்லாரும் மடிக்கும்போது நமக்கென்ன?" என்று தங்கள் மாடியை மடித்தான்.

வெயில் வந்தது. முதல் நாள் விருந்தாளி மாதிரி வாசலில் நின்றது. மறுநாள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இளம்பிள்ளைகள் ஓடி ஆடாமலேயே நனைந்த தங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். பரணில் கிடந்த மின்விசிறிகள் இறங்கின. எங்கோ போயிருந்த நுங்கு வண்டிகள் திரும்பி வந்தன. முலாம்பழச் சாறு வாங்க வரிசை நின்றது. மாலையில் எல்லோரும் காற்றுக்காகத் தெருவுக்கு வந்து நின்றார்கள். பல காலமாக ஒரே தெருவில் இருந்தும் பேசாதவர்கள், வேறு வழியில்லாமல் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

ஆனால் வானம் பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை நிலையத்துக்கு அழைப்புகள் குவிந்தன. வியர்க்குருவுக்கு யார் பதில் சொல்வது என்று ஒருவர் கேட்டார். ரிஸ்வானா சாப்பிடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திலகவதி அவளை வம்படியாக எழுப்பி மோர் வாங்கிக் கொடுத்தாள்.

"மேடம், நான் தப்பா சொல்லியிருந்தா?"

"தப்புன்னு தெரிஞ்சுக்குவோம். அதுக்குத்தானே பல்கலைக்கழகம்."

பரஞ்சோதி மலையடிவாரத்தில் இருந்தான். விழாப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சுட்டதும் எடுத்துக்கொண்டான். இருவரும் போய் அவன் அருகில் நின்றார்கள். மூன்று மணிக்குமேல் மலை உச்சிக்குப் பின்னால் ஒரு சிறு மேகம் தலைகாட்டியது. அது பக்கவாட்டில் நகரவில்லை. மேலே மேலே வளர்ந்தது. பொங்கும் பாலைப் போல விளிம்பு உருண்டு திரண்டது.

"ஏறுது சார்" என்றாள் ரிஸ்வானா.

காற்று திரும்பியது. கிழக்கிலிருந்து ஈரவாடை அடித்தது. பந்தல் துணி படபடத்தது. முதல் துளி சூடான பாறையில் விழுந்து, தடம் தெரியுமுன் காய்ந்தது. அடுத்து எத்தனை விழுந்தன என்று யாரும் பார்க்கவில்லை. இடி இடித்தது, மழை கொட்டியது. ஊர்ப் பக்கமிருந்து பெரிய இரைச்சல் கேட்டது. அது மழைச் சத்தமா, ஜனங்களின் சத்தமா என்று பிரிக்க முடியவில்லை. விழாப் பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரும் அதை நிமிர்த்தப் போகவில்லை.

பரஞ்சோதி நனைந்தபடியே நின்றான். திலகவதி அவன் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். அவன் ரிஸ்வானாவிடம் திரும்பி, "எத்தனை சதவீதம் மடிச்சா போதும்னு கணக்குப் போட முடியுமா உன்னால?" என்று கேட்டான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. அதைவிட அதிகமாக, முதல் இலையை ஒட்டிய நாளில் இருந்த அதே பசியும் இருந்தது.

சனிக்கிழமை விழா நடந்தது. அடிவாரத்தில் சேறாகிப் போனதால் பல்கலைக்கழக அரங்கில் நடந்தது. பரஞ்சோதி சுருக்கமாகப் பேசினான். "மலைகளை மூடப்போவதில்லை. நாம் வெயிலை வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு வேலை இருந்தது எனக்குத் தெரியவில்லை" என்றான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்னாள் மாணவர்கள் வியர்த்த சட்டையோடு ஊர் திரும்பினார்கள். இவ்வளவு நல்ல இலைநாளைப் பார்த்ததில்லை என்று எல்லோருமே சொன்னார்கள். ஊரில் மறுபடி இலைகள் விரிந்தன.

ரிஸ்வானாவின் கணக்கு ஒரு மாதத்தில் முடிந்தது. ஊர் முழுதும் வேக வேண்டியதில்லை. கோடையில் ஒவ்வொரு வாரமும் மூன்றில் ஒரு பங்கு வார்டுகள் மடித்தால் போதும். மழை ஊருக்கே பெய்யும். மாநகராட்சி மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டது. எந்த வார்டுகள் தொடங்கலாம் என்று ஜனங்களிடமே கேட்கலாம் என்றார்கள். பல்கலைக்கழக வளாகத்தையும் ஒரு வார்டாகச் சேர்த்துக்கொண்டு வாக்கெடுப்பை நிலையமே நடத்தியது.

முடிவு வந்த காலை, நிலையத்தின் பெரிய திரையில் ஊரின் வரைபடம் விரிந்தது. எந்த வார்டு எதை முன்மொழிந்ததோ, அதை நோக்கி ஓர் அம்புக்குறி. தன்னை நோக்கியே அம்பு போட்ட வார்டு ஒன்றுகூட இல்லை. சத்துவாச்சாரிக்காரர்கள் காட்பாடியைச் சொல்லியிருந்தார்கள். காட்பாடிக்காரர்கள் பாகாயத்தை. பாகாயம் சத்துவாச்சாரியை. அம்புகள் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"எல்லாரும் மழை வேணும்னுதான் ஓட்டுப் போட்டிருக்காங்க மேடம்" என்றாள் ரிஸ்வானா. "ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லல."

திலகவதி வளாகத்திலிருந்து கிளம்பிய அம்பைத் தேடினாள். மாணவர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து போட்ட வாக்கு அது. அது அவள் குடியிருக்கும் வார்டுக்குப் போயிற்று. அவளுடைய வார்டிலிருந்து கிளம்பிய அம்பு எங்கே போகிறது என்று பார்த்தாள். அது நேரே வளாகத்துக்கு வந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பரஞ்சோதியும் கீழுதட்டைக் கிள்ளியபடி சிரித்தான்.

"யாராவது ஆரம்பிக்கணும்ல" என்று சொல்லிவிட்டு அவள் தன் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னாங்க, நம்ம மாடி இலைய மடிச்சிடுங்க. இந்த வாரம் நாம முதல்ல."

"மடிச்சிடறேன், அதுக்கென்ன" என்றான் தணிகாசலம். "எதிர்வீட்டுல மடிக்கிறாங்களான்னு மட்டும் பாத்துக்கறேன்."

அவன் நடக்கும் சத்தமும், ஜன்னல் கதவு திறக்கும் சத்தமும் கேட்டன.

"என்னாச்சு? எதிர்வீட்டுக்காரரு மடிக்கிறாரா?"

"இல்ல திலகா. அவரும் ஜன்னல்லதான் நிக்கறாரு. நம்ம மாடியத்தான் பாத்துக்கிட்டிருக்காரு."