ஏழாம் வட்டத்துக்குக் காற்று

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு இறந்தவர்கள் எப்போதும் முதலில் வந்துவிடுவார்கள். உயிரோடிருப்பவர்களுக்கு வேலை முடிய வேண்டும், வட்டங்களுக்கு இடையிலுள்ள அழுத்தக் கதவுகள் திறக்க வேண்டும். இறந்தவர்களை வரவழைக்க யாராவது ஒரு விசையைத் தட்டினால் போதும்.

செவ்வாயின் அந்தக் குமிழ்நகரத்தில் ஒவ்வொருவர் மூளையிலும் பதிவுவில்லை உண்டு. உடல் அடங்கியதும் அதிலிருந்து நினைவுப்படி எடுத்து, ஒளியுருவாக உலவவிடுவார்கள். நகரத்தைக் கட்டியவர்கள் என்பதால் அவர்களுக்கும் வாக்கு இருந்தது.

நகர வரைவாளன் சேந்தன் புதிய காற்றுக்குழாயை ஏழாம் வட்டத்துக்கு நேராக வரைந்திருந்தான். சுரங்கத் தொழிலாளர்கள் வாழும் வட்டம். போன புழுதிக்காலத்தில் அங்கே காற்று மெலிந்து நாற்பது பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அங்கே செவிலியாக இருந்த அவன் மனைவி அல்லி அவர்களில் ஒருத்தி.

மன்றத் தலைவர் தணிகைவேல், தன் மைத்துனர் கட்டும் விடுதியின் பக்கம் குழாயை வளைக்கச் சொன்னார். சேந்தன் மறுத்தான். விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தது.

"ஜெயிச்சிடுவேன்னு நினைக்கிறியா தம்பி?" என்றார் தலைவர்.

"செத்தவங்களே வந்திருக்காங்க. அவங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

"அவங்களே சொல்லட்டும். ஜனநாயகம்தானே."

அல்லி வந்து அருகில் நின்றாள். இறந்த பிறகு அவன் அவளை ஒருமுறையும் அழைத்ததில்லை.

"ஏன்பா, தூங்கறதே இல்லையா? முகம் கறுத்துக் கிடக்கு."

"அல்லி, ஏழாம் வட்டத்துல காத்து எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் புழுக்கம். மத்தபடி என்ன? தூக்கத்துலேயே போயிட்டேன்னாங்க. குடுத்து வெச்சவ நான்."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. படி எடுக்கும்போது மருத்துவமனையில் குடும்பத்தாரிடம் கேட்பார்கள், கடைசி வேதனையின் நினைவை நீக்கிவிடலாமா என்று. அவன் தலையாட்டியிருந்தான். எல்லாக் குடும்பங்களும் தலையாட்டியிருந்தன. அந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் மூச்சுத் திணறிய நினைவு இல்லை.

இப்போதுகூடச் சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். அவள் முகம் மாறும். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், கேட்பார்கள். குழாய் நேராகப் போகும். அடுத்த புழுதிக்காலத்தை ஏழாம் வட்டம் தாண்டிவிடும்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

அவன் அவளைப் பார்த்தான். வலி தெரியாத முகம்.

"ஒண்ணுமில்ல" என்றான்.

விடுதி வந்தால் ஏழாம் வட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று தலைவர் பேசினார். குழாயை விடுதிப் பக்கம் வளைப்பதை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். அந்த வட்டத்தில் இறந்தவர்கள்தான் முதலில் தூக்கினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள்.

சேந்தனின் கை மடியிலேயே கிடந்தது. அல்லி குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"கையைத் தூக்குப்பா. நீ மட்டும் இப்படி உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு? எல்லாரும் பாக்கறாங்க."

அவன் தூக்கினான்.