பிரிக்கக் கூடாத ஏடு

தொலைபேசி அலறியது.

கரிக்கையன் கையிலிருந்த தூரிகை நழுவி எண்ணெய்க் கிண்ணத்தில் விழுந்தது. ஓலைச்சுவடிகளுக்கு விளக்குக்கரி பூசிப் பூசி விரல்கள் கறுத்துப்போனதால் நூலகத்தில் அவனுக்கு வைத்த பெயர் அது.

மறுமுனையில் அவன் அண்ணி. அதே நூலகத்தின் பதிப்பாசிரியை.

"சுவடி வியாபாரி கடையில செத்துக் கிடக்கான். கழுத்துல சுவடிக் கயிறு..."

அவன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"காலையில நீ பிரிச்ச ஏட்டை எடுத்துட்டு மேல வா. தனியா வா."

வைத்துவிட்டாள்.

ஏடு பிரித்தது அண்ணிக்கு எப்படித் தெரியும்? அவன் சொன்னது ஒரே ஒருவனிடம்தான்.

அந்த ஒருவன் இப்போது பிணம்!

விஷயம் இதுதான். நூலகத்தில் ஒரு பழைய வைத்தியச் சுவடி. அதை அண்ணி காகிதத்தில் பெயர்த்து எழுதி வீட்டு அலமாரியில் வைத்திருந்தாள். போன வருஷம் வியாபாரியின் பேச்சில் மயங்கிய கரிக்கையன், அந்தக் காகிதத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, எழுதாத பழைய ஓலையில் கீறி, கரி பூசி, புகை காட்டி, 'இரண்டாம் பிரதி' ஒன்றைப் பெற்றெடுத்தான். எங்கோ தொலைதூரத்தில் கிடைத்ததாகச் சத்தியம் செய்து வியாபாரி அதை நூலகத்தின் தலையில் கட்டினான். அண்ணி இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டாள். அச்சாகப் பொருந்தியது.

பொருந்தாமல் என்ன செய்யும்?

பதிப்பு வந்தது. அண்ணியின் புகழ் கொடிகட்டிப் பறந்தது.

இன்று காலை, மூலச் சுவடியில் தடிப்பாக இருந்த ஓர் ஏட்டுக்கு ஈர ஆவி காட்டினான். அது இரண்டாகப் பிரிந்தது... ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு ஏடுகள்! உள்ளே யாரும் படிக்காத பாட்டுகள்.

அவன் செய்த போலியில் அவை இல்லை.

ஏட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான். திருப்பத்தில் செத்தவன் நின்று 'அடுத்து நீதான்' என்பதுபோல் ஒரு நிழல்.

அண்ணி கதவைத் தாழிட்டாள். பிரிந்த ஏட்டின் மேல் லென்ஸை ஓட்டினாள். எங்கோ எழுதியதாகச் சொன்ன இரண்டாம் பிரதி, இங்கே ஏடு ஒட்டிக்கொண்ட அதே இடத்தைத் தாண்டிக் குதித்து, ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறதென்றால், எழுதியவன் அவளுடைய காகிதத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான் என்றாள். காய்கறி விலை சொல்லும் குரலில். காகிதம் இருந்த அலமாரி வீட்டில் யார் கைக்கு எட்டும் என்றும் கேட்டு வைத்தாள்.

"மன்னிச்சிருங்க அண்ணி. ஆனா சத்தியமா கொலை நான் பண்ணல."

"தெரியும்."

"எப்... எப்படித் தெரியும்?"

லென்ஸைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவளுடைய உள்ளங்கைகளைப் பார்த்தான்.

குறுக்கே... கயிறு அறுத்துச் சிவந்த கோடுகள்!

"நீ சொன்னதைக் கேட்டுப் பயந்து, வியாபாரி காலையில போன் பண்ணி அழுதான். எல்லாத்தையும் ஊரறியச் சொல்லிடப் போறானாம். கடைக்கே போய் நயமாச் சொல்லிப் பார்த்தேன். கேக்கல."

கரிக்கையன் கதவைப் பார்த்தான். தாழ்ப்பாளுக்கும் அவனுக்கும் நடுவில் அண்ணி.

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா தம்பி?"

இல்லை என்று தலையசைத்தான்.

"'இதுவரை சொன்னது மனிதர்க்கு. இனிச் சொல்வது குதிரைக்கு.'"

"குதி..."

"பின்பாதி பூரா குதிரை வைத்தியம். அதைத்தான் மேடை மேடையா மனுஷங்களுக்குச் சொல்லிட்டு வரேன். உங்க அண்ணன் மூட்டுவலிக்கு அதைத்தான் குடிக்கிறார். அளவு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேன்னு அப்பவே நினைச்சேன்."

அவனுக்கு மெல்ல விளங்கியது. இந்த ஏடு வெளியே வந்தால் அவள் பெயர் நாறும். போலிச் சுவடி இருக்கும்வரை அவள் பதிப்புக்கு ஒரு சாட்சி உண்டு. ஆனால் அது போலி என்று தெரிந்தவன்...?

அவள் இழுப்பறையைத் திறந்தாள்.

கண்களை இறுக மூடிக்கொண்டான். கழுத்து தானாகவே கூசியது.

டக்.

மேஜை மேல்... பசைக் கிண்ணம்.

"ஒட்டு."

இரண்டு ஏடுகளையும் சேர்த்து ஒட்டினான். ஓரம் கூடத் தெரியாமல் ஒட்டினான். பயத்தில் அவன் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான்.

"அண்ணி... இது முடிஞ்சதும் என்னையும்...?"

அண்ணி வாத்சல்யத்தோடு அவன் தோளைத் தட்டினாள்.

"அசடு! ரெண்டே ரெண்டு பிரதியை வச்சுப் பதிப்புப் போட்டேன்னு மதிப்புரைக்காரங்க முறைக்கிறாங்க. உன்னைக் கொன்னுட்டா மூணாவதை யாரு எழுதறது?"